பக்கத்து வீட்டுப் பொங்கலும் பலவீனரின் மனச்சாட்சியும்: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் ஐந்து, வெவ்வேறு ஊர்களிலிருந்தும் வெவ்வேறு சபைகளிலிருந்தும் வந்தவையாக இருந்தாலும், ஒரே முடிச்சைத்தான் அவிழ்க்கச் சொல்கின்றன. கிறிஸ்துவுக்குள் நமக்குச் சுயாதீனம் உண்டு என்று ஞாயிற்றுக்கிழமை கேட்கிறோம். திங்கட்கிழமை அந்தச் சுயாதீனத்தில் ஒரு கவளம் எடுத்து வாயில் வைப்பதற்குள், ‘அடுத்தவருக்கு இடறலாக இராதே’ என்று யாராவது கையைப் பிடித்துவிடுகிறார்கள். இடறல் என்ற சொல்லை நாம் மிகத் தாராளமாகச் செலவழிக்கிறோம் என்பது என் நெடுநாளைய வருத்தம். ஆகவே ஐந்து கடிதங்களையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன். பெயர்களை நீக்கி, கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: அடுக்குமாடிக் குடியிருப்பில் எங்கள் எதிர்வீட்டுக்காரர்கள் இந்துக்கள். பத்து வருடப் பழக்கம். தைப் பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கலும், விநாயகர் சதுர்த்திக்குக் கொழுக்கட்டையும் அவர்கள் வீட்டிலிருந்து தவறாமல் வரும். நாங்கள் வாங்கிச் சாப்பிடுவோம். கிறிஸ்துமஸுக்கு நாங்களும் பலகாரம் கொடுப்போம். இந்த ஆண்டு பொங்கலன்று, எங்கள் சபையில் அண்மையில் ஞானஸ்நானம் பெற்ற ஒரு சகோதரி வீட்டுக்கு வந்திருந்தார். நான் சாப்பிடுவதைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. இரண்டு நாள் கழித்து ஜெபக்குழுத் தலைவி, ‘விக்கிரகத்துக்குப் படைத்ததைச் சாப்பிட்டீர்களாமே’ என்று கேட்டார். நான் செய்தது பாவமா? (ஓர் இல்லத்தரசி, மதுரை)

பதில்: பாவம் அல்ல என்பதே என் பதில். ஆயினும் அதை மட்டும் சொல்லி நிறுத்தினால், அந்தச் சகோதரியின் முகம் ஏன் மாறியது என்ற கேள்வியை விட்டுவிட்டவனாவேன். உங்கள் கடிதத்தை எழுத வைத்தது அந்த முகம்தானே தவிர ஜெபக்குழுத் தலைவி அல்ல என்று நினைக்கிறேன்.

இதே கேள்வியை முதலில் எழுதிக் கேட்டவர்கள் கொரிந்து சபையார். கி.பி. 54 அல்லது 55 வாக்கில் அப்போஸ்தலனாகிய பவுல் எபேசுவிலிருந்து அவர்களுக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் (கடிதத்தின்) 8 முதல் 10 வரையிலான அதிகாரங்கள் அதற்கான பதில். கொரிந்து, கி.மு. 146இல் ரோமர்களால் அழிக்கப்பட்டு, கி.மு. 44இல் ஜூலியஸ் சீசரால் மறுபடியும் குடியேற்றப்பட்ட நகரம். இரு பக்கமும் துறைமுகம் கொண்டு, பணம் புழங்கிய ஊர். கோயிலில் பலியிடப்பட்ட விலங்கில் ஒரு பங்கு பலிபீடத்தில் எரியும், ஒரு பங்கு பூசாரிக்குப் போகும், மிச்சம் விருந்துக்குப் போகும்; விருந்துக்கும் மிஞ்சியது இறைச்சிக் கடைக்கு வந்துவிடும். கொரிந்துவில் அஸ்கிளேப்பியோஸ் என்ற நோய் தீர்க்கும் தெய்வத்தின் வளாகத்தைத் தோண்டியபோது, சாய்ந்து படுத்து உண்பதற்கான மேடைகள் அமைந்த விருந்தறைகளே வெளிப்பட்டன. கோயிலும் சமையற்கட்டும் அவ்வளவு நெருக்கம்.

இங்கே நம் கண்ணில் படாமல் போகிற ஒரு செய்தி உண்டு. அந்நகரத்துச் செல்வந்தன் வீட்டில் இறைச்சி சாதாரண உணவு. கூலிக்காரனுக்கும் அடிமைக்கும் அது திருவிழா நாளில், கோயிலை ஒட்டிய பொது விருந்தில், எப்போதாவது கிடைத்த பண்டம். அவன் கிறிஸ்துவிடம் வந்த பிறகும், இறைச்சி வேகிற வாசனை அவன் மூக்கில் ஏறியவுடன் பழைய கோயிலின் புகையும் மேளமும் சேர்ந்தேதான் நினைவில் எழும்பும். ‘விக்கிரகம் ஒன்றுமில்லை’ என்று புத்திக்குத் தெரிந்தாலும், உடம்பு அதை இன்னும் படித்து முடித்திருக்காது. பவுல் ‘பலவீனர்’ என்று சொல்வது இவனைத்தான். அறிவாளி ஒருவன் கோயில் பந்தியில் உட்கார்ந்து உண்பதைப் பார்த்து, ‘அவரே சாப்பிடும்போது எனக்கென்ன’ என்று இவனும் உட்காருவான். ஆனால் அறிவாளி இறைச்சியை உண்ணுகையில், இவன் பழைய தெய்வத்துக்கே திரும்பிப் படையலை உண்டுகொண்டிருப்பான். தன் மனச்சாட்சி வேண்டாம் என்று அலறுவதை அமுக்கிவிட்டு ஒரு செயலைச் செய்யப் பழகுகிறானே, அதுதான் பவுலை நடுங்கச் செய்த சேதம்.

ஆகவே அவர் மூன்று இடங்களைப் பிரித்துப் பேசுகிறார். கோயில் பந்தியில் போய் உட்காராதே. அது வழிபாட்டில் பங்கு. கடையில் விற்பதை வாங்கித் தின்னு. எங்கிருந்து வந்தது என்று துருவிக்கொண்டிராதே. அவிசுவாசியான நண்பன் விருந்துக்கு அழைத்தால், விருப்பமானால் போ, முன்னால் வைப்பதைச் சாப்பிடு. ஒரே ஒரு விலக்கு: பந்தியில் ஒருவர் ‘இது படைக்கப்பட்டது’ என்று எடுத்துச் சொன்னால், சொன்னவருடைய மனச்சாட்சிக்காக அதை நிறுத்திவிடு. உன் மனச்சாட்சிக்காக அல்ல என்று அவரே திருத்தமாகச் சொல்லிவிடுகிறார்.

உங்கள் எதிர்வீட்டுப் பொங்கல் இந்த மூன்றாம் இடத்தைச் சேர்ந்தது. அது உங்கள் வாசலுக்கு வருவது அன்பளிப்பாக. உங்களை எந்தத் தெய்வத்துக்கும் வணக்கம் செலுத்தச் சொல்லி அல்ல. இங்கே எனக்கு என் தாயார் நினைவு வருகிறது. எங்கள் பக்கத்து வீட்டு அம்மாள் எவர்சில்வர் தூக்கில் கொழுக்கட்டையைக் கொண்டுவந்து, வாசற்படியைத் தாண்டாமல் நின்று, ‘சாமிக்குப் படைக்கிறதுக்கு முன்னாடியே உங்களுக்குன்னு தனியா எடுத்து வெச்சதுங்க டீச்சர்’ என்று சொல்லிவிட்டுத்தான் தூக்கை நீட்டுவார். ஒரு வருடம்கூட அந்த வாக்கியம் தவறியதில்லை. கொரிந்தியருக்கு எழுதிய நிருபத்தை அவர் கண்ணால் பார்த்திருக்க மாட்டார். பக்கத்து வீட்டு மனச்சாட்சிக்காக அடுப்படியிலேயே ஒரு பங்கைப் பிரித்து வைக்கத் தெரிந்திருந்தது. தூக்கை வெறுமையாகத் திருப்பித் தரக்கூடாது என்பதால், டிசம்பர் வரும்வரை அம்மா காத்திருக்க மாட்டார். நாலு வாழைக்காயாவது, ஒரு கை சர்க்கரையாவது போட்டுத்தான் அனுப்புவார்.

ஆகவே வாங்கிச் சாப்பிடுவதை நிறுத்த வேண்டாம். அந்தச் சகோதரி எதிரில் இருந்த அந்தப் பொழுதில் மட்டும், தட்டை மூடி வைத்துவிட்டு அவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் எந்த வீட்டைவிட்டு, யாருடைய கண்ணீரைத் தாண்டி ஞானஸ்நானத்துக்கு வந்தார் என்று நமக்குத் தெரியாது. ‘இதையாவது சாப்பிடு, அப்போதுதான் நீ என் மகள்’ என்று ஒரு தட்டுக் கொழுக்கட்டை அவர் முன்னால் வைக்கப்பட்டிருக்கலாம். அதை மறுத்து எழுந்து வந்தவராக அவர் இருக்கலாம். அப்படிப்பட்டவர் கண்ணுக்கு உங்கள் தட்டில் இருந்தது இனிப்பாகத் தெரிந்திருக்காது. அவரைப் போய்ப் பாருங்கள். வேத விளக்கத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். ‘அன்று உங்களுக்குச் சங்கடமாக இருந்ததா’ என்று கேட்டுவிட்டு, அவர் பேசுவதைக் கேளுங்கள்.

ஜெபக்குழுத் தலைவிக்கு ஒரு வார்த்தை. அந்தச் சகோதரியின் மனக்கலக்கத்தைச் சுமந்துகொண்டு வந்து விசாரிப்பதைவிட, அவரையே கைபிடித்து இந்த இல்லத்தரசியின் வீட்டுக்கு அழைத்து வந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது.

கேள்வி: நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பத்தில் பிறந்தவள். திருமணமாகி வந்த வீட்டார் பெந்தெகோஸ்தே சபையைச் சேர்ந்தவர்கள். என் கணவருக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் முப்பது வருடமாக விசுவாசத்தில் இருக்கும் என் மாமியார், நான் தாலியையும் கம்மலையும் கழற்ற வேண்டும் என்கிறார். சபைப் போதகரும், ‘உங்கள் அத்தைக்கு நீங்கள் இடறலாக இருக்கிறீர்கள், பலவீனருக்காக விட்டுக்கொடுங்கள்’ என்றார். விட்டுக்கொடுப்பதுதான் அன்பா? (இளம் மருமகள், கோயம்புத்தூர்)

பதில்: முந்தைய பதிலில் பலவீனர் யார் என்று பார்த்தோம். அந்த அளவுகோலை இங்கே வைத்துப் பாருங்கள். உங்கள் காதில் கம்மலைப் பார்த்துவிட்டு உங்கள் மாமியார் மறுநாள் நகைக்கடைக்குப் போய், மனச்சாட்சி உறுத்த உறுத்த ஒரு ஜோடி வாங்கி மாட்டிக்கொள்ளப் போகிறாரா? போகமாட்டார் என்றால், பவுல் சொன்ன பொருளில் அவர் இடறவில்லை. அவருக்குப் பிடிக்கவில்லை, அது வேறு செய்தி. முப்பது ஆண்டுகள் வேரூன்றிய ஒருவரைப் ‘பலவீனர்’ என்று அழைப்பது அவருக்கே மரியாதையாகாது. அந்தப் பட்டத்தைத் தாமாகவே எடுத்துச் சூடிக்கொண்டு மற்றவர்களை நடத்துகிறவர், பலவீனத்தை அதிகாரமாக மாற்றிக்கொண்டவர்.

பவுல் தம் வாழ்க்கையில் செய்த இரண்டு காரியங்கள் ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றும். தீமோத்தேயுவை ஊழியத்துக்கு அழைத்துச் செல்லுமுன், அந்தப் பகுதி யூதரை முன்னிட்டு அவருக்கு விருத்தசேதனம் செய்வித்தார் என்று அப்போஸ்தலர் நடபடிகள் 16ஆம் அதிகாரம் சொல்கிறது. ஆனால் கிரேக்கரான தீத்துவை எருசலேமுக்கு அழைத்துச் சென்றபோது, அவருக்கும் விருத்தசேதனம் செய்தே ஆக வேண்டும் என்று நெருக்கியவர்களுக்கு ஒரு மணி நேரங்கூட இணங்கவில்லை என்று கலாத்தியர் 2ஆம் அதிகாரத்தில் அவரே எழுதுகிறார். சடங்கு ஒன்றே, ஆளும் சூழலும் வேறு. முதலாவதை யாரும் கட்டளையிடவில்லை, பிறருடைய கதவு திறக்கட்டும் என்று அவர்கள் தாமாகக் கொடுத்தார்கள். இரண்டாவதில், ‘இது இல்லாமல் நீ முழுக் கிறிஸ்தவன் அல்ல’ என்று கேட்டு வாங்கப் பார்த்தார்கள். கொடுத்திருந்தால் சுவிசேஷமே விலைபோயிருக்கும்.

தாலியைப் பற்றிய இந்த வழக்கு நம் நாட்டுச் சபைக்குப் புதிதும் அல்ல. 1704இல் புதுச்சேரியில், போப்பாண்டவரின் தூதராக வந்திருந்த தூர்னோன் பிறப்பித்த ஆணை, பிள்ளையார் உருவம் பொறித்த தாலியைக் கத்தோலிக்கப் பெண்கள் அணியக்கூடாது என்றது. தாலியே கூடாது என்று சொல்லவில்லை. சிலுவையும் புறாவும் பொறித்த தாலிகளை இன்று நம் பெண்கள் அணிந்திருப்பது, பொருளை மாற்றி வழக்கத்தை வைத்துக்கொண்ட நீண்ட கதையின் முடிவு. எதையும் அணியாமல் இருப்பதும் அதே அளவுக்கு மரியாதைக்குரிய மரபுதான். இதையும் நான் அழுத்தியே சொல்ல வேண்டும். தங்கம் நுழையாத ஓர் ஆராதனைக் கூடத்தில், அடகுக் கடையில் நகையை வைத்துவிட்டு வந்த பெண்ணும் கூச்சமின்றி முன்வரிசையில் உட்காரலாம். அந்த மரபின் அழகை உங்கள் மாமியார் உங்களுக்கு விளக்கியிருந்தால், நீங்களே ஒருநாள் கழற்றியிருக்கவும் கூடும்.

நான் சொல்லக்கூடியது இது: அவர்களுடைய ஆராதனைக்குப் போகும் நாளில் கம்மலைக் கழற்றி மேசை இழுப்பறையில் வைத்துவிட்டுப் போக உங்களுக்கே மனமிருந்தால் செய்யுங்கள், அது தீமோத்தேயுவின் வழி. கழற்றினால்தான் இரட்சிப்பு, கழற்றினால்தான் மருமகள் என்று சொல்லப்படுகிற இடத்தில், மரியாதையாக, குரல் உயர்த்தாமல், ‘மாட்டேன் அத்தை’ என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அந்த வார்த்தையை உங்களுக்கு முன்பாக உங்கள் கணவர் சொல்ல வேண்டும். ‘எனக்கு ஆட்சேபணை இல்லை’ என்று ஓரமாக நிற்பது, மனைவிக்கும் தாய்க்கும் நடுவே அவருக்குக் கொடுக்கப்பட்ட இடம் அல்ல.

கேள்வி: தொழிற்சாலையில் ஆயுத பூஜைக்கு எல்லோரிடமும் பணம் வசூலிக்கிறார்கள், என் இயந்திரத்துக்கு நான்தான் சந்தனம், குங்குமம் வைக்க வேண்டும் என்கிறார்கள். என்ன செய்வது? (இயந்திரப் பணியாளர், ஓசூர்)

பதில்: இயந்திரத்தைத் துடைத்து, எண்ணெய் போட்டு, பளபளவென்று வையுங்கள், அதில் யாருக்கும் பின்வாங்காதீர்கள். பொரி, கடலை, இனிப்பு, மதியச் சாப்பாடு ஆகியவற்றுக்காகப் பிரிக்கும் பணத்தைத் தாராளமாகக் கொடுங்கள். பொட்டு வைப்பதும் சூடம் காட்டுவதும் வழிபாட்டின் பகுதி. அதை விரும்பிச் செய்கிற சக ஊழியர் பக்கத்திலேயே இருப்பார், அவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மேற்பார்வையாளரிடம் பூஜைக்கு இரண்டு நாள் முன்பு, தனியாக, சுருக்கமாகச் சொல்லிவிடுங்கள். பூஜை நடக்கும் நேரத்தில் எல்லோர் முன்னிலையிலும் மறுப்பதுதான் மனக்கசப்பை உண்டாக்கும். பொரியை வாங்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். முதல் பதிலை மறுபடியும் வாசியுங்கள்.

கேள்வி: ஈஸ்டருக்கு முந்தைய விரத காலமான லெந்து நாட்கள் நாற்பதிலும் நான் அசைவம் தொடுவதில்லை. விடுதியில் என் அறைத்தோழனும் கிறிஸ்தவன். வேண்டுமென்றே என் எதிரில் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்து, ‘இதெல்லாம் மனிதர் கற்பனை, சுயாதீனம் வேண்டும்’ என்கிறான். அவன் செய்வது சரியா? (கல்லூரி மாணவர், சென்னை)

பதில்: அவன் சொல்வதில் பாதி சரி. லெந்து விரதத்தை வேதம் யார்மேலும் சுமத்தவில்லை. அதற்காகப் பிரியாணிப் பொட்டலத்தை உங்கள் மூக்குக்கு நேரே பிரிக்கும் உரிமையையும் வேதம் யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை.

1522ஆம் ஆண்டு லெந்து காலத்தில், சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில், கிறிஸ்டோப் ஃப்ரோஷவர் என்ற அச்சகக்காரர் வீட்டில் புகையில் பதம் செய்த இறைச்சிக் குழல் ஒன்றிரண்டைத் துண்டு போட்டு, கூடியிருந்தவர்களுக்குக் கொடுத்தார்கள். நகர மன்றம் விசாரித்தது. ஃபிராங்க்ஃபர்ட் புத்தகச் சந்தைக்கு இரவு பகலாக அச்சு வேலை நடப்பதாகவும், உழைக்கிற ஆட்களுக்கு மீன் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை என்றும் அச்சகக்காரர் பதில் சொன்னார். சுவிங்லி என்ற குருவானவர் அந்த அறையிலேயே இருந்தார். அவர் ஒரு துண்டும் எடுக்கவில்லை. ஆனால் சில நாட்களில் பிரசங்க பீடத்தில் ஏறி, எந்த உணவையும் எந்த நாளிலும் உண்ணக் கிறிஸ்தவனுக்குச் சுயாதீனம் உண்டு என்று விளக்கி, அதை அச்சிலும் வெளியிட்டார். உண்ணாத மனிதர் உண்டவர்களுக்காக வாதாடினார் என்பதுதான் எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடம். உண்ணாமல் இருந்தவருடைய வாயிலிருந்து வந்ததால், சொந்த வயிற்றுக்காகப் பேசுகிறார் என்று அவரை யாரும் சொல்ல முடியவில்லை.

அதே ஆண்டு மார்ச் மாதம் ஜெர்மனியின் விட்டன்பர்க்கில், மறைவிடத்திலிருந்து திரும்பி வந்த மார்ட்டின் லூத்தர் எட்டு நாள் தொடர்ந்து எட்டுப் பிரசங்கங்கள் செய்தார். அவர் இல்லாத நேரத்தில் சீர்திருத்தத்தைத் தடியால் அடித்துப் பழுக்க வைக்க முயன்றவர்களைக் கண்டிப்பதே அவற்றின் நோக்கம். இறைச்சி பற்றிய அவருடைய யோசனை, உங்கள் இருவருக்கும் பொருந்தும்: போப்பாண்டவரைப் போலக் கட்டாயப்படுத்துகிறவன் எதிரில் உண்டு காட்டு; இன்னும் தெளியாதவன் எதிரில் நிறுத்திக்கொள். உங்கள் அறைத்தோழனைக் கேளுங்கள், நீங்கள் அவனைக் கட்டாயப்படுத்தினீர்களா என்று. இல்லையென்றால், அவன் எந்தப் போப்பாண்டவரை எதிர்த்து அந்தப் பொட்டலத்தைப் பிரிக்கிறான்?

உங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். விரதம் இருக்கிறவன் இல்லாதவனைத் தீர்ப்புச் செய்யக் கூடாது என்று ரோமர் 14ஆம் அதிகாரம் இரு பக்கமும் சமமாகவே பேசுகிறது. அவன் பிரியாணியைப் பிரிக்கும்போது உங்கள் முகத்தில் என்ன தெரிகிறது என்று ஒருமுறை கண்ணாடியில் பாருங்கள். சில பையன்கள் பிரியாணியை ருசிக்காக வாங்குவதில்லை, அந்த முகத்தைப் பார்க்கத்தான் வாங்குகிறார்கள்.

கேள்வி: எங்கள் கிராமத்து ஆலயத்தில் ஆண்டுதோறும் அசனப் பண்டிகை (சபையார் கூடி உண்ணும் விருந்து) நடக்கும். கீழத்தெருக்காரர்களும் நம் சபையாரே, வரியும் கொடுக்கிறார்கள். ஆனால் அவர்கள் முதல் பந்தியில் உட்காருவதில்லை. அவர்களுக்குத் தூக்குவாளியில் ஊற்றிக் கொடுத்துவிடுவது வழக்கம். நான் மேலத்தெருவைச் சேர்ந்தவன். இதைக் கேட்டால், ‘பெரியவர்கள் மனம் நோகும், அவர்கள் விசுவாசத்தில் பலவீனர், பவுலே பொறுத்துப் போகச் சொல்லியிருக்கிறார்’ என்கிறார்கள். இதற்கு எப்படிப் பதில் சொல்வது? (பள்ளி ஆசிரியர், தூத்துக்குடி மாவட்டம்)

பதில்: இந்தப் பக்கத்துக்கு வந்த கடிதங்களில் என்னைத் தூங்கவிடாத கடிதம் இதுதான். மற்ற நான்கிலும் யார் எதை விட்டுக்கொடுப்பது என்று பேசிக்கொண்டிருந்தோம். இங்கே ஒருவருடைய இலையை எடுத்துவிட்டு, அதற்கு விட்டுக்கொடுத்தல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

‘என் சகோதரனுக்கு இடறலானால் நான் என்றைக்கும் மாம்சம் புசியேன்’ என்று பவுல் சொன்னபோது, அவர் ஒதுக்கி வைத்தது தம் தட்டில் இருந்த இறைச்சியை. அந்தச் செலவை வேறொருவர் கணக்கில் எழுதவில்லை. உங்கள் ஊர்ப் பெரியவர்களின் மனம் நோகாமல் இருப்பதற்கான செலவை, தலைமுறை தலைமுறையாகக் கீழத்தெரு கட்டிக்கொண்டிருக்கிறது. அந்தப் பெரியவர்களுக்கு ஒன்றாக உட்காருவது உண்மையாகவே தாங்க முடியாத மனச்சாட்சிப் பிரச்சினை என்றால், நிருபத்தின்படி அவர்கள்தான் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும்.

இதற்கு நேரான வேதப் பகுதியும் உண்டு. அது 1 கொரிந்தியரில் இல்லை, கலாத்தியர் 2ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அந்தியோகியாவில் பேதுரு, யூதரல்லாத விசுவாசிகளோடு ஒரே பந்தியில் உண்டுகொண்டிருந்தார். எருசலேமில் யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும் மெல்ல எழுந்து விலகிக்கொண்டார். பர்னபாவும் அந்த இழுப்பில் போய்விட்டார். வந்த விருந்தாளிகளின் மனம் நோகக்கூடாது என்று பேதுரு நினைத்திருக்கலாம். இன்று உங்கள் ஊரில் சொல்லப்படும் அதே காரணம். இறைச்சி விஷயத்தில் அவ்வளவு இறங்கிப்போன பவுல், இந்த ஒரு விஷயத்தில் பேதுருவை எல்லார் முன்னிலையிலும் முகத்துக்கு நேராகக் கண்டித்தார். பந்தியிலிருந்து ஒரு கூட்டத்தாரை விலக்கி வைப்பது சுவிசேஷத்தின் சத்தியத்துக்கே கோணலான நடை என்று கண்டதுதான் காரணம்.

நம்மவர்களின் வரலாற்றிலும் இந்த வாதம் ஏற்கெனவே நடந்து முடிந்திருக்க வேண்டியது. 1833இல், தென்னிந்திய ஆங்கிலிக்க மிஷன்களும் தம் பொறுப்பில் இருந்த காலத்தில், கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாட்டை உடனடியாகவும் முற்றாகவும் விட்டுவிட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரில் பெரிய எதிர்ப்புக் கிளம்பியது. பழைய மிஷனெரிமார் பொறுத்துக்கொண்டதை இவர்கள் ஏன் கேட்கிறார்கள், சாதி உலக வழக்கமே தவிர மதக் காரியம் அல்ல என்று வாதிட்டார்கள். அந்த எதிர்ப்பில் முன்னணியில் இருந்தவர் மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்த வேதநாயகம் சாஸ்திரியார். இன்றும் நாம் உருகி உருகிப் பாடும் கீர்த்தனைகளை எழுதியவர். எனக்கு அந்தப் பாடல்கள் மிகவும் பிடிக்கும் என்பதால், இதை எழுதும்போது கை கொஞ்சம் தயங்கவே செய்கிறது. அவ்வளவு பக்தியுள்ள மனிதரும் எந்தக் காரியம் சுயாதீனத்துக்குள் வருவது, எந்தக் காரியம் வராதது என்பதில் வழுக்கியிருக்கிறார் என்றால், உங்கள் ஊர்ப் பெரியவர்கள்மேல் நான் அதிகமாகக் கோபப்படவும் முடியவில்லை.

இனி செய்யக்கூடியது. பண்டிகைக்கு முன்பாகவே சேகர குருவானவரை (உங்கள் வட்டாரச் சபைகளுக்குப் பொறுப்பானவரை) தனியாகப் பார்த்துப் பேசுங்கள். அவர் தட்டிக் கழித்தால் சேகரக் கமிட்டிக்கு எழுத்தில் கொடுத்து, நடவடிக்கைக் குறிப்பில் பதியச் சொல்லுங்கள்; வாயால் சொன்னதை வருடக்கணக்கில் மறந்துவிடலாம், குறிப்பேட்டில் ஏறியதை அவ்வளவு எளிதில் மறக்க முடியாது. அதுவும் பலிக்கவில்லையென்றால், இந்த ஆண்டு முதல் பந்தியில் உங்களுக்குப் போடும் இலையில் உட்காராதீர்கள். உங்கள் வீட்டிலிருந்தும் ஒரு தூக்குவாளியை எடுத்துக்கொண்டு, கீழத்தெருக்காரர்களோடு வரிசையில் போய் நில்லுங்கள்.

ஆனால் அப்படிப் போய் நிற்பதற்கு ஒரு வாரம் முன்பு, அந்தத் தெருவில் நாலு வீட்டுக்குப் போய், திண்ணையில் உட்கார்ந்து, ‘நான் இப்படிச் செய்தால் உங்களுக்கு என்ன வரும்’ என்று கேட்டுவிடுங்கள். பண்டிகை முடிந்து நீங்கள் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிவிடுவீர்கள். மறுநாள் காலையில் மேலத்தெருக்காரருடைய வயலுக்கும் உப்பளத்துக்கும் வேலைக்குப் போக வேண்டியவர்கள் அவர்கள். இந்த ஆண்டு வேண்டாம், அடுத்த ஆண்டு நாங்களே வந்து உட்காருகிறோம் என்று அவர்கள் சொன்னால், அடுத்த ஆண்டுவரை காத்திருங்கள்.